சொட்டு விழுதா பாரு

அன்றைக்கு அந்த முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் ஒருவர் விடாமல் சொல்வேன். பாதி முகம் மழித்து, மீதிப் பாதி நுரையோடு நின்ற கல்யாணப் பெண்ணின் அப்பா. அவருடைய தங்கை, அதாவது பெண்ணின் அத்தை, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். மாதா கோயிலில் பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டு, வண்டி தயாரா என்று பார்க்க வந்த கோயில்பிள்ளை. காருக்குப் பூ அலங்காரம் செய்வதற்காகத் தேனியிலிருந்து என்னோடு வந்திருந்த என் மச்சான், கையில் மல்லிகைப் பந்தோடு. மாடி ஜன்னலில் பாதி ஜடை பின்னிய தலையோடு கல்யாணப் பெண். பிறகு நான். எங்கள் எல்லோருக்கும் நடுவில், கதவைத் திறந்ததும் என் செருப்பை நனைத்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டிய என்னுடைய சிவப்புக் கார்.

அது கூரை மடங்கும் கார். பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை தானாக எழுந்து மடிந்து, பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் ஓப்பன் கார் என்பார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கும் பெண் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். அதற்கு முன்னால் நான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடியலில் கம்பத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி, கேரளத்து எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வரும் வேலை. அதை விட்டுவிட்டு, மனைவியின் நகையை வைத்தும் பைனான்ஸில் கடன் வாங்கியும் கொச்சியில் ஒருவரிடம் இந்தப் பழைய காரை வாங்கினேன். சாவியைக் கையில் கொடுக்கும்போது அவர், "ஒரு கொழப்பவும் இல்லா" என்றார், ஒரு கோளாறும் இல்லை என்று மலையாளத்தில். குழப்பம் இல்லை என்று ஒருவர் சொன்னாலே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிடும். குமுளி மலை இறங்கிப் பழனிசெட்டிபட்டி வீட்டு வாசலில் நிறுத்தும் வரை, எந்தச் சத்தம் புதுச் சத்தம் என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டி வந்தேன்.

என் சுபாவம் அப்படி. பரீட்சை என்றால் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் எழுத்தெல்லாம் எறும்பாக ஊரும். எட்டாவது முழுப் பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பி வந்தவன்தான், அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஜீப் ஓட்டும்போதும் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள், "ஏப்பா டிரைவரு, நாலு டயரும் அங்கனதான் இருக்கு, எங்கயும் ஓடிப் போகலை, ஏறு வண்டில" என்று சிரிப்பார்கள். சிரித்தாலும் என் வண்டியில்தான் இடம் கேட்டு ஏறுவார்கள். பயந்தவன் ஓட்டுகிற வண்டி பத்திரமாக வீடு சேரும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

ஓப்பன் காருக்குக் கல்யாண மாதங்களில் ஓய்வே கிடையாது. ஆடி பிறந்தால் அப்படியே படுத்துவிடும். ஆடியில் இந்துக்கள் வீட்டில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கத்தோலிக்க ஊர்களுக்கு ஆடி ஒரு தடையே இல்லை. அதனால் ஆடியில் எனக்குச் சோறு போடுவது மாதா கோயில் கல்யாணங்கள்தான். கார் வாங்கிய அந்த முதல் வருடம் ஆடிக்கு அதுவரை எனக்கு வந்திருந்தது ஒரே ஒரு கல்யாணம், இந்தக் கல்யாணம். பைனான்ஸில் இரண்டு தவணை விழுந்து கிடந்தது. அவர்கள் ஆள் வந்து, சண்டை போடாமல், வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இந்த மாசமும் கட்டலைன்னா சாவியக் குடுத்துருங்கண்ணே, எனக்கும் சங்கடமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்தக் கல்யாணம் நன்றாக நடந்தால் அடுத்த ஊரிலும் கூப்பிடுவார்கள். கெட்டுப்போனால் அந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாதா கோயில் தெருவும் என்னைக் கூப்பிடாது, காரும் என்னிடம் இருக்காது. நிலைமை அவ்வளவுதான்.

காரைச் சுத்தம் செய்வதில் எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து வந்த வண்டி மங்கல வண்டி, அதை விளக்குமாறு கொண்டு தொடக் கூடாது என்று என் மாமியார் சொல்லிவிட்டார். கல்யாணப் பூவைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையோடு தள்ளவும் கூடாது, தெருவில் போட்டுக் கால் படவும் கூடாது. எனக்கோ எதைச் சொன்னாலும் பயம். ஆகவே ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் கூரையைத் திறந்து வைத்து, கைக்கு அகப்பட்ட பூவை எல்லாம் பொறுக்கி வாழை மரத்தடியில் போட்டுவிட்டு, மிச்சத்தை டியூப் பிடித்துத் தண்ணீரால் மெதுவாகத் தள்ளிவிடுவேன். பூவிதழும் அட்சதையும் பின் சீட்டுக்குப் பின்னால் ஓடி எங்கோ மறையும். தண்ணீரும் கூடவே மறையும். எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நினைத்துக் கவலைப்படுகிறவன், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். ஆனி மாதத்திலேயே காருக்குள் ஒரு புளித்த வாடை வந்தது. எலி செத்துவிட்டதோ என்று சீட்டுக்கு அடியெல்லாம் தேடினேன். எலி இல்லை. வாசனைக்கு ஒரு டப்பா வாங்கி முன்னால் ஒட்டி வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே போய்விட்டேன். அதிகாலையில் புறப்பட்டால் வழியில் என்ன ஆகுமோ என்று எனக்கு எப்போதுமே முந்தின நாள்தான். பெண் வீட்டு முற்றத்தில் பந்தல் இருந்தது. அதற்கு அடியில் சமையல் பாத்திரங்கள் இருந்ததால் காரை வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார்கள். ராத்திரி மலைப் பக்கமிருந்து சாரல் ஆரம்பித்து, பிறகு சாரலாக இல்லாமல் மழையாகவே கொட்டியது. நான் பந்தல் பெஞ்சில் படுத்திருந்தவன் அடிக்கடி எழுந்து போய்க் கூரைத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கும் கிழிசல் இல்லை, ஒழுகல் இல்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. மேலே அத்தனை தடவை பார்த்தவன் ஒரு தடவை கதவைத் திறந்து கீழே பார்த்திருக்கலாம்.

விடிந்ததும் மச்சான் பூக்கூடையைக் கொண்டு வந்து வைத்தான். நான் கதவைத் திறந்தேன். தண்ணீர் என் காலில் விழுந்தது. உள்ளே கால்மிதி மிதந்துகொண்டிருந்தது. பின் சீட்டை அழுத்தினால் பஞ்சிலிருந்து நீர் கசிந்தது. என் துண்டால் தொட்டுப் பிழிந்தேன், மறுபடி தொட்டுப் பிழிந்தேன். அப்போதும் தூறிக்கொண்டுதான் இருந்தது. துடைக்கத் துடைக்கப் பின்னாலிருந்து நூல் பிடித்த மாதிரி நீர் இறங்கி வந்தது. சத்தம் கேட்டு, சவரக் கத்தியும் கையுமாகப் பெண்ணின் அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது, காரா, கண்மாயா?"

"மீனு கெடக்கான்னு பாருங்க, மத்தியானக் கொழம்புக்கு ஆகும்" என்றார் பின்னாலேயே வந்த கோயில்பிள்ளை.

பெண்ணின் அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், அந்த வருடம் மழையில் காய் வெடித்து நஷ்டம் பார்த்தவர், மகள் ஆசைப்பட்டாள் என்பதற்காக மட்டும் ஓப்பன் காருக்கு ஒத்துக்கொண்டவர். "ஏலே, எம்மக பட்டுச்சேலையோட இதுலயா ஏறி ஒக்காரணும்? அட்வான்ச எண்ணி வச்சுட்டு வண்டிய எடு. எம்மச்சினன் ஜீப்ப வரச் சொல்லிக்கிறேன்" என்றார். என் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் வெளியே கேட்கிறதோ என்று நினைத்தேன். எட்டாவது பரீட்சைக்குப் போய்த் திரும்பின அந்த வாசல்தான் மறுபடி கண் முன்னால் வந்தது.

அப்போதுதான் நர்ஸம்மா வந்தார். நல்ல உயரம், ஒல்லியான உடம்பு, கல்யாணத்துக்கென்று கட்டிய ஊதாப் பட்டு. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டே வந்தார். காரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். ஏதோ கை குலுக்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நாடி பார்த்திருக்கிறார்.

"தம்பி, மொதல்ல இங்கன ஒக்காரு. சாப்பிட்டியா?"

"இல்லம்மா, வண்டி..."

"வண்டி எங்கயும் செத்துப் போகலை. நீ மூச்ச மெதுவா விடு." பிறகு திரும்பி, "அண்ணே, நீ உள்ள போயி மிச்ச மூஞ்சியச் சரச்சுட்டு வா. பாதி மூஞ்சி நொரையோட நின்னு யாரத் திட்டிக்கிட்டிருக்க? பாக்கறவக சிரிக்கப் போறாக" என்றார்.

ஒரு தட்டில் இரண்டு இட்லி வந்தது. தின்னாமல் விட மாட்டார் போலிருந்ததால் தின்றேன். அதற்குள் அவர் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து முடித்துவிட்டார். காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதை அவரே சொன்னார். என்னிடம் கேட்டதெல்லாம் நோயாளியின் வீட்டாரிடம் கேட்பது போன்ற கேள்விகள்தான். எப்போதிருந்து வாடை வருகிறது, மேலே விழுகிற மழை எந்தப் பக்கமாக இறங்கும், முன்னால் ஈரமா பின்னால் ஈரமா. முன்னால் ஈரம் குறைவு, பின்னால்தான் அதிகம் என்றேன். "தொடைக்கத் தொடைக்க வருதுன்னா தொடைக்கிறவன் மேல தப்பில்ல. எங்கனயோ போக்கு அடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பின் சீட்டில் முழங்காலை ஊன்றி ஏறி, கூரை மடங்கிப் படுக்கும் பள்ளத்துக்குள் கையை விட்டார். பட்டுச் சேலை நனைந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

உள்ளே கூரையின் விளிம்பை ஒட்டி ரப்பரில் ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது என்பதை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். துணிக்கூரையில் வழியும் மழை அந்த வாய்க்காலில் விழுந்து, இரண்டு மூலையிலும் உள்ள துளை வழியாக இறங்கி, குழாயில் ஓடி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். இரண்டு மூலையும் நிரம்பிக் குளமாக நின்றது. குளம் நிரம்பினால் கரை மேல் வழியத்தானே செய்யும்? அது என் பின் சீட்டின் மேல் வழிந்திருக்கிறது.

எனக்கு உடனே ஒரு கம்பியை விட்டுக் குத்த வேண்டும் போலிருந்தது. முகம் மழித்து வந்த பெண்ணின் அப்பா தோட்டத்து மருந்தடிக்கும் மிஷினை எடுத்து வரச் சொல்லிவிடவே போனார். "அத வச்சு ஒரு அடி அடிச்சா அடைப்பு மதுரைக்குப் போயிரும்" என்றார். நர்ஸம்மா இருவரையும் தடுத்தார். "கம்பி குத்துனா குழாய் ஓட்டையாகும். வேகமா அடிச்சா அடைப்பு போகாது, குழாய்தான் கழண்டு போகும். உள்ள எங்கன கழண்டுச்சுன்னு அப்புறம் யாரு பாக்குறது? எத்தன பேருக்குக் குழாய் மாட்டிருப்பேன். அடைச்சா அவசரப்படக் கூடாதுண்ணே." அண்ணன் வாயை மூடிக்கொண்டார். கல்யாண வீட்டில் அன்று காலை அவர் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான் என்று கோயில்பிள்ளை பிறகு சொன்னார்.

தோட்டத்தில் புல் வெட்டும் மிஷினில் சுற்றுகிற நைலான் நரம்பு ஒன்று உண்டு. வளையும், ஆனால் துவளாது. அதில் ஒரு முழம் அறுத்து வரச் சொன்னார். முனை கூராக இருக்கிறது என்று வாசற்படிக் கல்லில் தேய்த்து மழுக்கினார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு சிரிஞ்சோடு வந்தார். ஊசி கிடையாது, ஒரு சாண் நீளம் இருக்கும். மூக்கில் குழாய் வைத்தவர்களுக்குக் கஞ்சி கொடுக்கிற சிரிஞ்சு. வீட்டில் கிடந்த கிழவர் ஒருவருக்காக வாங்கி, அவர் காலமான பிறகு மிச்சமிருந்த புதுசு. சமையல் ஆட்களிடம் வெதுவெதுப்பாக ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நீ அடியில படு. அந்தச் சக்கரத்துக்கிட்ட குழாய் வாய் தெரியும். நான் மேல ஊத்துறேன். சொட்டு விழுதா பாரு. விழுந்தா சொல்லு. அது மட்டும்தான் ஒன் வேல."

ஈர மண்ணில் சாக்கை விரித்துப் படுத்தேன். குழாயின் வாய் தெரிந்தது, சுண்டுவிரல் தடிமன், கறுப்பு ரப்பர். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. மேலே நைலான் நரம்பு உரசும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒன்றும் விழவில்லை. என் நெஞ்சு மறுபடி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மேலிருந்து அவர் குரல் வந்தது.

"ஒனக்கு எத்தன புள்ளைக?"

"ரெண்டும்மா. மூத்தது பொண்ணு, ஆறாவது படிக்கிறா."

"பரீட்ச நல்லா எழுதுறாளா?"

"எழுதுறாம்மா. என்னைய மாதிரி இல்ல."

"ஏன், ஒனக்கென்ன?"

நான் சொன்னேன். எறும்பாக ஊர்ந்த எழுத்தையும் வாசல் வரை போய்த் திரும்பியதையும் என் மனைவியிடம்கூட அவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒரு குரலிடம் சொல்வது எளிதாக இருந்தது. தவணை பாக்கியையும் சொன்னேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டே நரம்பை உள்ளே விட்டு வெளியே எடுத்தார், கொஞ்சம் வெந்நீர் செலுத்தினார், பொறுத்தார், மறுபடி செலுத்தினார்.

"நர்ஸம்மா பாவசங்கீர்த்தனம் கேக்குறாக. சாமியாருக்கு வேல மிச்சம்" என்றார் கோயில்பிள்ளை. "நான் ரெண்டாவது மணி அடிக்கவா, வேண்டாமா?"

"நீங்க அடிங்க. பூசை நேரம் மாற வேண்டாம்."

அவர் போய் அடித்தார். அந்த மணி ஓய்வதற்குள் குழாய் வாயில் ஒரு துளி தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது. பிறகு விழுந்தது. "விழுதும்மா!" என்று கத்தினேன். "எப்படி விழுது, தெளிவாவா, கலங்கலாவா?" என்றார். கலங்கல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கொழகொழவென்று ஒரு கட்டி வந்து என் கன்னத்தில் விழுந்து, பின்னாலேயே நீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நகர மனமில்லாமல் அப்படியே நனைந்துகொண்டு படுத்திருந்தேன்.

வெளியே வந்து பார்த்தபோது தரையில் நான் ஓட்டிய கல்யாணங்கள் எல்லாம் கிடந்தன. கறுத்துப்போன மல்லிகை, ரோஜா இதழ், ஊறிச் சோறாகிப்போன மஞ்சள் அரிசி, மாதா கோயில் கல்யாணத்தில் தூவும் கலர்க் காகிதம், ஜிகினா. மணியடித்துவிட்டுத் திரும்பி வந்த கோயில்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, அட்சத ஒரு பக்கம், காயிதம் ஒரு பக்கம். சர்வ சமயக் கூட்டமே உள்ள நடந்திருக்கு" என்றார். அடுத்த மூலையில் நர்ஸம்மா நரம்பை விட்டு இழுத்தபோது அதில் சுற்றிக்கொண்டு ஒரு நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. மச்சான் ஓடி வந்து கையில் வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இது நான் கட்டுன சரம்! போடியில நடந்த கல்யாணத்துக்குக் கட்டுனது. பூவெல்லாம் அழுகியும் கட்டு அவுறல பாருங்க!" என்று எல்லோரிடமும் காட்டினான். அதைக் கேட்டு முதல் முதலாகப் பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார்.

மாடியிலிருந்து கல்யாணப் பெண் குரல் கொடுத்தாள். "அத்த, வண்டி பொழைச்சிருச்சா?"

"பொழைச்சிருச்சு. நீ பூவ வச்சு எறங்கி வா."

பின் சீட்டில் ஊறிய நீரை எல்லாம் பிழிந்தெடுக்க நேரமில்லை. நர்ஸம்மா மறுபடி உள்ளே போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிக்கிற சிவப்பு ரப்பர் விரிப்பைக் கொண்டு வந்து சீட்டில் விரித்து, அதன் மேல் வெள்ளைப் போர்வை போட்டு மடித்துச் செருகினார். ஓரம் எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. மச்சான் அதைச் சுற்றிப் பூவை வைத்துத் தைத்தான். தூறல் விட்டிருந்தது. கூரைப் பொத்தானை அழுத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மோட்டார் ஒரு தடவை முனகியது, நின்றது, பிறகு கூரை எழுந்தது. கண்ணைத் திறந்தபோது பெண்ணின் அப்பா சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண் வந்து உட்கார்ந்தாள். போர்வை விலகிய இடத்தில் எட்டிப் பார்த்த ரப்பரைக் கண்டுகொண்டு, "அத்த, என்னையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறீகளா, ஆபரேசன் தியேட்டருக்கா?" என்றாள். சேலை நனையவில்லை.

பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிப் பாதித் தெரு போவதற்குள் மறுபடி தூறல் வலுத்தது. கூரையை மூடினேன். மூடியதும் பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் இந்தத் தடவை பார்க்க ஒரு இடம் இருந்தது. பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கு முன்னால் நீர் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது. தெரு முழுக்க அந்தக் கோடு எங்கள் கூடவே வந்தது. என் மனது அவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது என்றால் வாழ்க்கையில் அந்த ஊர்வலத்தில்தான்.

சாயங்காலம் கணக்குத் தீர்க்கும்போது பெண்ணின் அப்பா, "தண்ணி வண்டிக்கு முழு வாடகையா?" என்று பேசியதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் கொடுத்தார். எனக்குக் கேட்கத் தைரியமும் இல்லை, நியாயமும் அவர் பக்கம்தான் என்று பட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, "எங்கண்ணன் கொறச்ச காசுக்கு நான் பொறுப்பு. கைல இப்ப இல்ல. பென்சன் வந்ததும் வந்து வாங்கிக்க" என்றார். அந்தச் சிரிஞ்சையும் நைலான் நரம்பையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் கொடுத்தார். அந்தக் கல்யாணத்தில் வண்டியைப் பார்த்தவர்களில் இரண்டு குடும்பங்கள் அதே ஆடியில் கூப்பிட்டார்கள். தவணை கட்டினேன். சாவி என்னிடமே இருந்தது.

அடுத்த மாதம் பாக்கி வாங்குவதற்கென்றேதான் போனேன். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். கொஞ்சம் அதிகம் என்றார், உப்பைக் குறை என்றார், ராத்திரி என்னென்ன நினைப்பு வருகிறது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். இதெல்லாம் நடக்காது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நடந்தால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று மட்டும் கேட்பார். பதில் சொல்லிக்கொண்டே வரும்போது அந்தக் கவலை கொஞ்சம் சின்னதாகிவிடும். என் கவலையை அதற்கு முன்னால் எத்தனையோ பேர் கேலி செய்திருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள், பரிதாபப்பட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். புறப்படும்போது பீரோவைத் திறந்து பணத்தை நீட்டினார். என்ன தோன்றியதோ, "இருக்கட்டும்மா, அடுத்த தடவ வாங்கிக்கிறேன்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பணத்தை உள்ளே வைத்துவிட்டார்.

இப்போது அவர் தேவதானப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். பெரியகுளம் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் திரும்பும்போது அந்தத் தெருவில் கார் தானாகத் திரும்பிவிடும். முழங்கால் வலியோடு எழுந்து வாசலுக்கு வருவார். "வாப்பா, ஒன் பாக்கி எங்கிட்ட இருக்கு, மறந்துறாத" என்பதுதான் முதல் வார்த்தை. "மறக்கலம்மா, அதுக்குத்தான் வந்தேன்" என்பேன். பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எட்டிப் பார்க்கும் மகள், "அம்மா, அவருக்குக் குடுத்துத் தொலைச்சா என்ன?" என்பாள். "குடுத்துட்டா அவன் வர மாட்டான்டி" என்பார் நர்ஸம்மா, என் காது கேட்கவே.

இன்றைக்குக் காலையில் பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நான், சிவப்புக் கார், தூணில் சாய்ந்து நின்ற என் மாமியார். நேற்று சின்னமனூரில் ஒரு கல்யாணம். மங்கல வண்டியில் விளக்குமாறு படக் கூடாது என்ற சட்டம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஆகவே ஒரு புது பிரஷ் வாங்கி, அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, வேறு எதையும் தொடாமல் காருக்கென்றே வைத்திருக்கிறோம். அது விளக்குமாறு ஆகாது என்று மாமியாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பூவையும் அரிசியையும் உலர்வாகத் தள்ளி எடுத்தேன். மூலைத் துளைகளில் நைலான் நரம்பை மெதுவாக விட்டேன். வெந்நீரைச் சிரிஞ்சில் இழுத்தேன். அதன் மேலிருந்த கோடுகளும் எண்களும் எப்போதோ அழிந்துவிட்டன. பிறகு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, மேலே ஊற்றுவதற்கு மாமியாரைக் கூப்பிட்டேன்.

"விழுதாப்பா?" என்றார் மாமியார்.

"விழுது அத்த. தெளிவா விழுது."

அடுத்த வாரம் பெரியகுளத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. திரும்பும் வழியில் தேவதானப்பட்டிக்குப் போவேன், பாக்கி வாங்க. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், அப்படியே இருக்கிறது.